தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறீங்களா, நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க

எங்க உசிலம்பட்டி பக்கம் வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ண அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க, சேலை பலகாரம் எல்லாம் வண்டில ஏறும், செக்கப் அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோலயே கிடக்கும். எங்க மதினிக்கு அப்படித்தான் ஆச்சு, நடுராத்திரி வலியோட போய் நிக்குறாங்க, ரத்தம் (ஹீமோகுளோபின்) எத்தனை பாயிண்டுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.

அதுனால நாள் தள்ளுனதுமே, மூணு மாசத்துக்குள்ள, ஊர் நர்ஸம்மாகிட்ட பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பத்தப் பதிஞ்சதுக்கு கவர்மெண்ட் குடுக்குற நம்பர்) வாங்கிருங்க. கண்ணு பட்டுரும் அப்புறம் சொல்லிக்கலாம்னு அப்பத்தா சொல்லும், சரி ஊருக்குச் சொல்ல வேணாம், நர்ஸம்மாவுக்கு மட்டும் சொல்லுங்க. கர்ப்பிணிகளுக்கு கவர்மெண்ட் குடுக்குற முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்து 18,000 ரூபாய்க்கும் (கைக்கு வர்றது 14,000, மிச்சம் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம்) பிள்ளையோட பொறப்புச் சர்டிபிகேட்டுக்கும் அந்த நம்பரத்தான் கேப்பாங்க. ஊர் மாறுனாலும் நம்பர் மாறாது, ஆனா கிளம்புறப்போ இங்கிட்டு இருக்குற நர்ஸம்மா, அங்கிட்டு இருக்குற நர்ஸம்மா ரெண்டு பேருக்கும் போன் போட்டு சொல்லிருங்க. அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பேங்க் புக்கு எல்லாம் ஒரே பையில.

ரத்தம் 11க்கு கீழன்னா ரத்தசோகை, 7க்கு கீழ போச்சுன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரசவம்னு நினைக்கவே வேணாம், மதுரை பெரியாஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு முன்கூட்டியே பேசி வைங்க. இரும்புச்சத்து மாத்திரைய டீயோட போடாதீங்க, உடம்புல சேராது. வெளிக்கி கருப்பா போகுதுன்னு பயந்து நிறுத்துறவங்க நெறைய பேர், அது மாத்திரையோட கலர்தான்.

இப்ப முக்கியமான விசயம். ரத்தம் படுது, தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு, தலைவலியோட கண்ணு மங்குது, மூஞ்சி கை வீங்குது, பிள்ளை அசைவு கொறைஞ்சிருச்சு, இதுல எது வந்தாலும் மாப்பிள்ளை திருப்பூர்ல இருந்து வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, உடனே 108. தெருப்பேர் சொன்னா டிரைவருக்கு வெளங்காது, ஊருணிக்கு மேக்க, அய்யனார் கோயில் தாண்டி ரெண்டாவது சந்துன்னு இப்பவே பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிருங்க, பதட்டத்துல வாய் வராது. சந்துக்குள்ள வண்டி நுழையாதுன்னா ஒரு ஆள் டார்ச்சோட ரோட்டுல நிக்கட்டும். வீட்டுக்குள்ள டவர் எடுக்கலைன்னா எந்த மொட்டைமாடில எடுக்கும்னும் பாத்து வச்சுக்கங்க.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிரசவம், ஆப்பரேசன், மருந்து, சாப்பாடு எதுக்கும் காசு கெடையாது, யாராச்சும் கேட்டா கவர்மெண்டோட சுகாதார உதவி நம்பர் 104க்கு அடிங்க. பிள்ளையோட வீட்டுக்குத் திரும்புறதுக்கும் 102ன்னு இலவச வண்டி இருக்கு, வாசல்ல ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசுறதுக்கு முன்னாடி வார்டு நர்ஸ்கிட்ட கேளுங்க.