என்எச்எல் '94 லீக்: நிஜ ஹாக்கியை நம்பி ஏமாறும் இடங்கள்

என்எச்எல் '94 ஓர் ஐஸ் ஹாக்கி வீடியோ கேம்; வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் அணிகளை வைத்து ஆடுவது. வெளிவந்தது 1993-இல். இன்றும் அதை லீக் வைத்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸேகா ஜெனிசிஸ் என்ற கேம் கருவியின் கன்ட்ரோலரில் மூன்றே பட்டன்கள். பாஸ் ஒன்று, ஷாட் ஒன்று, மிச்சமெல்லாம் திசைப் பொத்தான். கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும், கைவர வருடக்கணக்கில் ஆகும். இதில் தோற்பவர்கள் தோற்பதற்கும், ஆசையாகத் தொடங்கிய லீக் பாதியில் மனக்கசப்போடு நின்றுபோவதற்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நிஜ ஐஸ் ஹாக்கியை மனத்தில் வைத்து முடிவெடுப்பது. கேட்ரிட்ஜுக்குள் ஓடும் கணக்கு வேறு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு ஆட வேண்டும், அதற்கேற்ற விதியைத்தான் எழுத வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் ஜெனிசிஸ் பதிப்பைப் பற்றியது. சூப்பர் நின்டென்டோ பதிப்பு பெயரில்தான் ஒன்று. இடிப்பது, சறுக்குவது, கோல் விழும் விதம் எல்லாம் வேறு. எந்தப் பதிப்பு என்று அறிவிக்காமல் ஆள் சேர்ப்பது முதல் தவறு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் பாதிக் கைதான்.

எடையில் ஏமாறுவது

அணி தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் தேடுவது எரிக் லிண்ட்ராஸ் மாதிரி ஆஜானுபாகுவான வீரர்களை. 6 அடி 4 அங்குல உயரம், மோதினால் எதிராளி பறப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஜெனிசிஸ் பதிப்பில் நடப்பது இதற்கு நேர்மாறு. உடல் மோதலைக் கணக்கிடும் இடத்தில் எடை ஒப்பீடு தலைகீழாகப் போய்விட்டது. லேசானவர் கனமானவரைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறார். இதை ஆடுகிறவர்கள் ‘வெயிட் பக்’ (எடைப் பிழை) என்பார்கள்.

ஆட்டத்துக்குள் எடை 140 பவுண்டில் தொடங்கி எட்டெட்டாக ஏறும்: 140, 148, 156, 164 என்று. 228 பவுண்டு தடுப்பாட்டக்காரர் பக்கோடு (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வில்லை) திரும்பும்போது 164 பவுண்டு விங்கர் (ஓரத் தாக்குதல் வீரர்) ஒருவர் பக்கவாட்டில் வந்து இடித்தால் விழுவது அந்தக் கனமானவர்தான். அடுத்த முறை அவர் இடிக்கப் போனாலும் சின்ன உருவம் பெரும்பாலும் அசையாது. கால்கரி அணியின் 5 அடி 6 அங்குல தியோ ஃப்ளூரி இந்த ஆட்டத்தில் இத்தனை விலைபோவது இதனால்தான். வேகமும் உண்டு, ஷாட்டும் உண்டு, இடிக்கவும் செய்வார்.

ஆகவே வீரர் பட்டியலைப் பார்க்கும்போது மொத்த மதிப்பெண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் வேகம், சுறுசுறுப்பு. அடுத்து எடை. அதன் பிறகுதான் ஷாட் துல்லியமும் பக் கையாளுதலும். மொத்த மதிப்பெண் எல்லாவற்றையும் கலந்து வருவது. அதில் 80 பெற்ற கனமான, மெதுவான தடுப்பாட்டக்காரரைவிட 65 பெற்ற லேசான, வேகமானவர் உங்களுக்கு அதிகம் உழைப்பார்.

லீக் நடத்துகிறவருக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. இந்தப் பிழையைத் திருத்திய ரோம் கோப்புகளும் (கேட்ரிட்ஜில் உள்ள ஆட்டத்தின் கணினி நகல்கள்) புழக்கத்தில் உண்டு. அசலா, திருத்தியதா என்பதை வீரர் தேர்வுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். லேசானவர்களாகப் பார்த்து அணி சேர்த்தவரிடம், தேர்வு முடிந்த பிறகு “திருத்திய கோப்பில் ஆடுகிறோம்” என்றால் அது அநியாயம்.

ஹாட், கோல்ட்: ரீசெட் பட்டன் ஓட்டை

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வீரர்களின் திறன்களை ஆட்டமே கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளும். உங்கள் சென்டர் (நடுத் தாக்குதல் வீரர்) நேற்று சூடாக இருந்தார், இன்று குளிர்ந்துபோயிருக்கலாம். ஆட்டத்தைத் தொடங்கும் ஃபேஸ்-ஆஃபுக்கு முன், வரிசை (களத்தில் ஒன்றாக இறங்கும் வீரர் குழு) மாற்றும் திரைக்குப் போய் இன்றைய எண்களைப் பார்க்காமல் ஆடத் தொடங்குவது சோம்பேறித்தனம். அரை நிமிட வேலை அது. முதல் வரிசை விங்கர் சரிந்திருந்தால் இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவரை ஏற்றிவிடலாம்.

ஆனால் இதே இடத்தில்தான் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. எண்களைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் “கனெக்‌ஷன் சரியில்லை, மறுபடி போடலாம்” என்று ரீசெட் செய்தால் புதிய எண்கள் கிடைத்துவிடும். இதைத் தடுக்க ஒரு வரி போதும்: வரிசைத் திரை திறந்த பிறகு, இருவர் சம்மதமும் இல்லாமல் ரீசெட் கிடையாது. மீறினால் அந்த ஆட்டம் எதிராளிக்கு. வரி எளிது, ஆனால் இதை எழுதாத லீக்கில் மூன்றாம் வாரத்துக்குள் யாரோ ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிடும், அதன்பின் ஒவ்வொரு ரீசெட்டும் வம்புதான்.

ஷாட்

தூரத்திலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட் பார்க்க அழகு. நேராக வரும் பக்கை கோல்கீப்பர் மார்பில் வாங்கிக்கொள்வார். ஒரு பீரியடில் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு) இப்படிப் பத்து முறை பக்கைத் தானம் செய்துவிட்டு, “கோல்கீப்பர் ஏமாற்றுகிறார்” என்று புலம்புவதில் பயனில்லை. கோல்கீப்பரை நகர்த்தாமல் கோல் விழாது. அதற்கு நம்பகமான வழிகள் இரண்டு.

முதலாவது ஒன்-டைமர்: வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிப்பது. இந்தத் தொடரில் '94-இல்தான் அது அறிமுகமானது. பி பட்டனால் பாஸ் கொடுக்கிறீர்கள். பக் சகவீரரைத் தொடுவதற்கு முன்பே சி-ஐ அழுத்திவிட வேண்டும். புதியவர்கள் பக் வந்து சேர்ந்தது கண்ணில் பட்ட பிறகு அழுத்துகிறார்கள். அது சாதாரண ஷாட், அதற்குள் கோல்கீப்பர் நகர்ந்துவிட்டிருப்பார். பக் பாதி வழியில் இருக்கும்போதே விரல் சி-இல் இறங்கியிருக்க வேண்டும். பாஸும் கோலுக்குக் குறுக்கே போக வேண்டும். பின்னாலிருந்து முன்னால் கொடுத்தால் கோல்கீப்பருக்கு இடம் மாற வேண்டிய அவசியமே வராது.

இரண்டாவது கோல் வாய்க்குக் குறுக்கே வெட்டிப் போவது. ஒரு பக்கமிருந்து சாய்வாக உள்ளே வந்து, கோல்கீப்பருக்கு முன்னால் குறுக்கே சறுக்குங்கள். அவர் உங்களோடு நகர்வார், ஆனால் சற்றுப் பிந்தி. அந்தப் பிந்தலில்தான் கோல் இருக்கிறது. இங்கே நடக்கும் தவறுகள் நுணுக்கமானவை. ஒன்று, அவசரம்: அவர் நகரத் தொடங்கும் முன்பே சுடுவது. இன்னொன்று விரலில் நடப்பது. குறுக்கே போகத் திசைப் பொத்தானைப் பக்கவாட்டில் பிடித்திருப்பீர்கள். சி-ஐ விடும் கணத்தில் அந்தப் பொத்தான் காட்டும் திசையில்தான் பக் போகும். பதற்றத்தில் கட்டைவிரல் நடுவுக்கு வந்துவிட்டால் பக் நேராகக் கோல்கீப்பர் மீதே போகும். எந்தக் கம்பத்துக்கு அடிக்கப் போகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்து, அந்தச் சாய்வுத் திசையை அழுத்திப் பிடித்தபடியே சி-ஐ விடுங்கள். எதிரில் யாரும் இல்லாமல் தனியாக இருபது முறை செய்து பார்த்தால் கை புரிந்துகொள்ளும்.

கோல்கீப்பரின் திறனும் ஒரே எண் அல்ல. குச்சிப் பக்கம் இடம், வலம். கையுறைப் பக்கம் இடம், வலம் என்று நான்கு தனித்தனி. எதிரணி கோல்கீப்பருக்கு எந்த மூலை பலவீனம் என்று தெரியாமல் தொடருக்குள் போகாதீர்கள்.

தடுப்பில் ஒரே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொன்னால் போதும். எதிராளியை இடிக்க வேண்டும் என்ற வெறியில் தடுப்பாட்டக்காரரைக் கையில் எடுத்து மேலே துரத்துவது. இடி தவறினால் உங்கள் கோலுக்கு முன் ஆளே இல்லை. துரத்துவதை சென்டரிடம் கொடுங்கள். தடுப்பாட்டக்காரர் கோல் வாயைவிட்டு வெளியே வரக் கூடாது.

அமைப்புகள்: மெனுவில் ஒளிந்திருக்கும் விதிகள்

தொடக்க மெனுவில் இருக்கும் நான்கைந்து தேர்வுகள் ஒவ்வொன்றும் ஒரு லீக் விதி. பீரியட் நீளம், அபராதம், வரிசை மாற்றம், கோல்கீப்பர் கட்டுப்பாடு. இவற்றை ஆட்டக்காரர்களின் விருப்பத்துக்கு விட்டால் ஒரே லீக்கில் இரண்டு விளையாட்டுகள் நடக்கும்.

பீரியடுக்கு 5 நிமிடம் போதும். 10 நிமிடமாக்கினால் நன்றாக ஆடுபவர் ஜெயிக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டம் நீண்டுகொண்டே போனால் ஆள் வர மாட்டார். அபராதத்துக்கு மூன்று நிலை உண்டு: எல்லாம் உண்டு, ஆஃப்சைட் தவிர உண்டு, எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றால் பிடித்திழுப்பதற்கும் தடுக்கி விடுவதற்கும் தண்டனை போய்விடும் என்பதை அறிந்தே தேர்வு செய்யுங்கள். கோல்கீப்பரைக் கணினியிடம் விடுவதா, கையால் ஆட்டுவதா என்பதிலும் இருவருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும்.

அதிகம் பேர் யோசிக்காதது வரிசை மாற்றம். அதை அணைத்துவிட்டால் களத்தில் இறங்கும் ஐந்து பேரும் கோல்கீப்பரும்தான் முழு ஆட்டத்துக்கும். பெஞ்சில் இருப்பவர்களுக்கு மதிப்பே இல்லை. வீரர் தேர்வில் முதல் ஆறு பெயர்தான் அணி. ஏழாவது பெயர் ஹாட்-கோல்ட் சரிவுக்கு மாற்று, அவ்வளவே. வரிசை மாற்றம் உண்டு என்றால் களைப்பு கணக்கில் வரும், இரண்டாம் வரிசையும் காசாகும். தேர்வுக்குப் பிறகு இந்த அமைப்பை மாற்றுவது எல்லோருடைய அணியையும் கலைத்துப் போடுவதற்குச் சமம்.

அணிகளைப் பங்கிடுவது

இந்தப் பதிப்பில் 26 கிளப் அணிகளும் இரண்டு ஆல்-ஸ்டார் அணிகளும் இருக்கின்றன. திறன் எண்கள் 1992-93 பருவத்தையொட்டியவை. அந்தப் பருவத்தில் 84 ஆட்டங்களில் ஒட்டாவா ஜெயித்தது 10, சான் ஹோசே 11. ஆனாஹைமும் ஃப்ளோரிடாவும் அப்போதுதான் பிறந்த அணிகள். மறுபக்கம் சிகாகோவில் ரோனிக், செலியோஸ், பெல்ஃபர் என்ற நட்சத்திர வீரர்கள் மூவரும் ஒன்றாக. “யார் எந்த அணி வேண்டுமானாலும் எடுக்கலாம்” என்றால் பாதிப் பேர் சிகாகோவோடு வருவார்கள். ஆல்-ஸ்டார் அணிகளை விட்டுவைத்தால் இன்னும் மோசம்.

இருவர் மட்டும் ஆடும் தொடருக்கு நம் வீட்டு முறையே சிறந்தது. தின்பண்டத்தை ஒருவர் பிரிக்க, மற்றவர் எடுப்பார். ஒருவர் இரண்டு அணிகளைச் சொல்லட்டும், அதில் எது தனக்கு என்பதை மற்றவர் சொல்லட்டும். பிரிப்பவர் தானாகவே சமமான ஜோடியைத் தேடுவார்.

பலர் சேர்ந்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது என்றால் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வேண்டும். பன்னிரண்டு பேர் இருந்தால் முதலாமவருக்கு 1, 24, 25-ஆம் தேர்வுகள். பன்னிரண்டாமவருக்கு 12, 13, 36. திருப்பாமல் நேராக ஓட்டினால் முதலாமவர் 1, 13, 25 எடுப்பார், கடைசியில் இருப்பவர் 12, 24, 36. ஆறு பெயர்களே முக்கியமான லீக்கில் இது சீசன் தொடங்கும் முன்பே முடிவை எழுதிவிடும்.

புள்ளிப் பட்டியல்

நிஜ என்எச்எல்லைப் பார்த்து, கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கும் ஒரு புள்ளி தருவது பரவலான தவறு. அங்கே அது 1999-2000 பருவத்தில்தான் வந்தது. சாதாரண ஆட்டத்தில் இருவருக்கும் சேர்த்து 2 புள்ளி, கூடுதல் நேரம் போனால் 3 என்று ஆகும்போது, கடைசி இரண்டு நிமிடம் இருவருமே பக்கை வைத்துக்கொண்டு சும்மா சுற்றுவதுதான் லாபம். 1993-இல் இருந்தபடியே வெற்றிக்கு 2, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் நேரத்தைத் தனியாக மதிக்க வேண்டுமென்றால் 3-2-1-0 (வெற்றி, கூடுதல் நேர வெற்றி, கூடுதல் நேரத் தோல்வி, தோல்வி) என்று பிரியுங்கள். எந்த ஆட்டத்திலும் மொத்தம் மாறாது.

சமப்புள்ளி வந்தால் முதலில் நேருக்கு நேர் முடிவு, பிறகு கோல் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ஓர் ஆட்டத்துக்கு 5 என்று உச்சவரம்பு போடுங்கள். இல்லையேல் புதிதாக வந்தவரை 14-0 என்று அடித்து நொறுக்குவது லாபமாகிவிடும், அவர் அடுத்த சீசனுக்கு வர மாட்டார். வராமல் விட்ட ஆட்டத்துக்குப் புள்ளி கொடுங்கள், கோல் கொடுக்காதீர்கள்.

நடுவில் ஒருவர் விலகினால்? சதுரங்கத்தில் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் போட்டிகளின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பாதி ஆட்டங்கள்கூட ஆடாமல் போனால் அவர் முடிவுகள் புள்ளிப் பட்டியலில் சேராது, பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் முடிந்தவை நிற்கும், மிச்சமெல்லாம் எதிராளிகளுக்கு வெற்றி. கடைசிச் சுற்று ஆட்டங்கள் அனைத்துக்கும் ஒரே கெடு வையுங்கள். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மற்ற ஆட்டத்தின் முடிவு தெரிந்த பிறகு தங்கள் ஆட்டத்தை ஒப்பேற்றியதால்தான் அங்கே கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்துக்கு மாறின.

எல்லா ஜோடிகளும் இரண்டு முறை ஆடட்டும், ஒருமுறை உள்ளூர் அணியாக, ஒருமுறை வெளியூர் அணியாக. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 22 ஆட்டம், மொத்தம் 132. ஆடுகளம் திரையில் செங்குத்தாக நிற்பதால் மேல்நோக்கி அடிப்பதும் கீழ்நோக்கி அடிப்பதும் கண்ணுக்கு ஒன்றல்ல; மூன்று பீரியட் என்பதால் ஒருவருக்கு ஒரு திசை இரண்டு முறை கிடைக்கும். இரண்டு ஆட்டங்களில் அது சமனாகிவிடும்.

இணைப்பில் ஆடும்போது

நொடிக்கு 60 சட்டகம் ஓடும் ஆட்டம் இது. ஒரு சட்டகம் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. மூன்று சட்டகத் தாமதம் 50 மில்லி நொடி. ஒன்-டைமர் தவறிப்போக அது போதும். ஆகவே இருவரும் ஒரே எமுலேட்டர் (பழைய கேம் கருவிபோலக் கணினியில் இயங்கும் மென்பொருள்), ஒரே பதிப்பு, ஒரே ரோம் கோப்பு. எமுலேட்டரில் உள்ளீட்டுத் தாமத அமைப்பு இருந்தால் அதுவும் ஒரே எண். ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் முறையில் ஓடினால் ஆட்டம் ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும், அதனால் 60 என்று எழுதி வையுங்கள். வைஃபையைவிடக் கேபிள் நல்லது. சராசரித் தாமதத்தைக் கை பழகிக்கொள்ளும், திடீர் திடீரென்று மாறும் தாமதத்தைப் பழகவே முடியாது.

இணைப்பு பற்றிய புகார் முதல் பீரியட் முடிவதற்குள் வர வேண்டும். 0-4 என்று பின்தங்கிய பிறகு வரும் புகாரை ஏற்றால் அடுத்த வாரம் எல்லோருக்கும் இணைப்பு கெடும். ஒவ்வொரு பீரியட் முடிவிலும் இருவரும் ஸேவ் ஸ்டேட் (ஆட்டம் அந்தக் கணத்தில் இருந்தபடியே சேமித்த கோப்பு) எடுத்து வைத்தால், நடுவில் அறுந்தாலும் அதே ஹாட்-கோல்ட் எண்களோடு விட்ட பீரியடிலிருந்து தொடரலாம். எடுக்க மறந்திருந்தால் அறுந்த நேரத்தையும் ஸ்கோரையும் குறித்துக்கொண்டு புதிய ஆட்டம் போட்டு, மிச்சமிருந்த நேரத்துக்குள் விழும் கோல்களை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.