இணையத்தில் கணினியைத் தொலைவிலிருந்து பழுதுபார்க்கக் காசு கட்டியும் அது சரியாகவில்லையா?

முதலில், பழுதுபார்ப்பவர் உங்கள் கணினிக்குள் நுழைய நிறுவச் சொன்ன எனிடெஸ்க் போன்ற தொலைக்கட்டுப்பாட்டுச் செயலியை நீக்குங்கள். பிறகு வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணத்தைவிட இதுதான் அவசரம்.

உரையாடல், ரசீது, இன்னும் வரும் பிழைச்செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பணத்தை எழுத்து மூலமாகவே திருப்பிக் கேளுங்கள். போனில் பேசினால் சான்று நிற்காது. சிறிய சோதனைக் கட்டணம் மாதச் சந்தாவாக மாறியிருக்கலாம், அதையும் ரத்து செய்யுங்கள். கார்டில் கட்டியவர்கள் தாமதிக்காமல் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவதைக் கேட்கலாம். மலேசியாவின் உடனடிப் பணமாற்றச் சேவையான டுயிட்நவ்வில் நேரே அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. ஏமாற்று வேலை என்று தெரிந்தால் உடனே மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை 997-இல் அழையுங்கள்.

சேவையை விற்றவர் மலேசியாவில் இருந்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கெடு 3 ஆண்டு. வழக்கறிஞர் வேண்டியதில்லை. விற்றவர் வெளிநாட்டுக்காரர் என்றால் வங்கி வழியே மேல்.