ஹன்னோ போன கடல்வழியை வரைபடத்தில் குறிப்பது எப்படி?

கி.மு. 5ஆம் நூற்றாண்டுவாக்கில் வட ஆப்பிரிக்காவின் பழைய துறைமுக நகரான கார்த்தேஜின் தலைவர் ஹன்னோ, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே கப்பல்களைச் செலுத்தினார். அந்தப் பயணக்குறிப்பு கிரேக்கத்தில், 18 சின்னப் பத்திகளாகக் கிடைத்திருக்கிறது. அதன் மொழிபெயர்ப்பு ஒன்று, ஆப்பிரிக்க வரைபடம், பேனா, பென்சில், தூரம் அளக்க ஒரு நூல்கயிறு இருந்தால் போதும். உறுதியான இடத்துக்கு மட்டும் பேனா.

படி 1: துனிஸ் நகரை ஒட்டிய கார்த்தேஜையும் ஜிப்ரால்டர் நீரிணையையும் பேனாவால் குறியுங்கள். 60 கப்பல்களில் 30,000 பேர் போனார்கள் என்கிறது குறிப்பு. கப்பலுக்கு 500 பேர்! 50 துடுப்புக் கப்பலில் அத்தனை பேருக்கு இடமே இராது. எண்ணிக்கையை விட்டுவிடுங்கள், கரையோரம் குடியேற்றங்கள் அமைக்கப் போனார்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இனி பென்சில். மொழிபெயர்ப்பாளர்களை ஏற்றிக்கொண்ட லிக்சோஸ் ஆற்றை, மொராக்கோவின் திரா ஆறு என்று பலரும் கொள்கிறார்கள்.

படி 3: இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். கெர்னே என்ற சிறு தீவில் ஆட்களைக் குடியேற்றினார்கள். கார்த்தேஜிலிருந்து நீரிணைக்கு ஆன நாட்களே அங்கிருந்து கெர்னேவுக்கும் ஆயின என்று கணக்கும் எழுதி வைத்தார்கள். முதல் தூரம் சுமார் 1,500 கி.மீ. நூல்கயிற்றைக் கரையோரம் வைத்து அதே அளவு தெற்கே இறக்குங்கள். மேற்கு சகாராவில், தாக்லா விரிகுடாவை நெருங்குவீர்கள். மொரிட்டானியாவின் ஆர்கின் தீவைச் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் வட்டமிடுங்கள்.

படி 4: முதலைகளும் நீர்யானைகளும் நிறைந்த பெரிய ஆற்றுக்குச் செனகல் ஆறு பொருந்துகிறது. அங்கிருந்து கெர்னேவுக்குத் திரும்பி, மறுபடி தெற்கே போனார்கள்.

படி 5: இரவில் வான்வரை எரிந்த 'தெய்வங்களின் தேர்' என்ற மலை எது? எரிமலையான கேமரூன் மலை என்பார்கள் ஒரு சாரார். கினியாவின் ககூலிமா என்பார்கள் மற்றவர்கள். அது எரிமலையல்ல; ஆனால் வறண்ட பருவத்தில் மக்கள் புல்லுக்கு வைக்கும் தீ மலைச்சரிவெல்லாம் எரியும். என் பென்சில் ககூலிமாவில்தான் நிற்கிறது. வடகிழக்குக் காற்றும் தெற்கே ஓடும் கடல் நீரோட்டமும் போகும்போது துணை, திரும்பும்போது பகை. துடுப்புக் கப்பல்கள் கேமரூன்வரை போய், அவற்றை எதிர்த்து மீண்டிருக்கும் என நம்புவது எனக்குக் கடினம்.

படி 6: மலையிலிருந்து மூன்று நாள் தள்ளி, மொழிபெயர்ப்பாளர்கள் 'கொரில்லா' என்றழைத்த மயிரடர்ந்த உயிர்களைக் கண்ட தீவோடு உங்கள் வழிக்கோடு முடியட்டும். உணவு தீர்ந்ததால் ஹன்னோவும் அதற்கப்பால் போகவில்லை.