சிக்னல் ஜெனரேட்டரை வீட்டு மேசையில் வைப்பது எப்படி: கறுப்பு கிளிப்பிலிருந்து தொடங்குவோம்

சிக்னல் ஜெனரேட்டர் என்பது சர்க்யூட்டைச் சோதிக்க, வேண்டிய அளவிலும் வேகத்திலும் மின் அலையை உண்டாக்கித் தரும் கருவி. அதை வாங்கியதும் எல்லோர் கையும் போவது முன்பக்கத்துக்குத்தான். சைன், ஸ்கொயர், முக்கோணம் என்று பட்டன்களை அழுத்திப் பார்ப்பதில் ஒரு ஆசை. நான் முதலில் பார்க்கச் சொல்வது கேபிள் நுனியில் தொங்கும் கறுப்பு கிளிப்பை. மூன்று பின் பிளக் உள்ள பெரும்பாலான ஜெனரேட்டர்களில் அந்தக் கிளிப் பி.என்.சி. முனையின் (கேபிளைத் திருகி மாட்டும் வட்ட முனை) வெளி உலோகத்தோடு சேர்ந்திருக்கும். அந்த உலோகம் பெட்டியோடும், பெட்டி பிளக்கின் எர்த் பின்னோடும் சேர்ந்திருக்கும். கறுப்பு கிளிப் சும்மா ஒரு வயர் இல்லை. உங்கள் வீட்டு எர்த் குழி வரைக்கும் போகிற கம்பியின் இந்த முனை அது.

ஜெனரேட்டரின் அவுட்புட் பெரும்பாலும் 20 வோல்ட் பீக்-டு-பீக்கை (அலையின் அடியிலிருந்து உச்சி வரை) தாண்டாது. அது ஆளை அடிக்காது. அடிப்பதென்றால் சுவரிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் நீங்கள் கிளிப்பை மாட்டும் போர்டிலிருந்து வரவேண்டும். இந்த இரண்டு பக்கத்தையும் ஒழுங்கு செய்துவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் அளவெடுப்புதான்.

பேட்டை ஐ.டி.ஐ.யிலோ பொறியியல் கல்லூரி லேபிலோ இந்தக் கருவியைத் தொட்டுப் பழகிவிட்டு, வீட்டில் சொந்தமாக ஒன்று வைக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். லேபில் சாக்கெட்டை யாரோ ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பார்கள். வீட்டில் அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல மல்டிமீட்டர் ஒன்று (மெயின்ஸ் அளக்கத் தகுந்ததாக, கேட் 3 என்று போட்டிருக்கட்டும்), 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு, பி.என்.சி. கேபிள் ஒன்று, மீடியம் வேவ் எடுக்கும் பழைய ரேடியோ. அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ. அல்லது டி.எஸ்.ஓ. இருந்தால் ரொம்ப நல்லது. இல்லாமலும் பாதிக்கு மேல் செய்துவிடலாம்.

1. சுவர்

சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது கைப்பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். மல்டிமீட்டரை ஏ.சி. 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். மெயின்ஸில் மீட்டர் வைத்துப் பழக்கமில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் வரலாம். இப்போது அதே லைனில் ஒரு அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு மூன்றாவது அளவை மறுபடி எடுங்கள். லேசாக ஏறினால் சரி. பத்து, இருபது என்று எகிறினால் வயரிங்கில் எங்கோ லூஸ் இருக்கிறது. அசையாமல் பூஜ்யமாகவே நின்றாலும் சந்தேகப்படுங்கள்: எர்த் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் யாரோ ஜாயின்ட் அடித்திருக்கலாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அன்றைக்கு உங்கள் ஜெனரேட்டரின் பெட்டி முழுக்க ஃபேஸ்.

இன்னொன்று. மீட்டர் 230 காட்டிவிட்டதாலேயே எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான். துருப்பிடித்து நூலில் தொங்கும் எர்த் கம்பியிலும் அது 230 காட்டும். எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதுதான் முறை. திசையன்விளை, இட்டமொழிப் பக்கம் தேரி மண் உள்ளவர்கள் இதை ரொம்பக் கவனிக்க வேண்டும். அந்தச் செம்மணல் காய்ந்து கிடக்கும்போது கரண்டை லேசில் உள்ளே விடாது. குழியில் கரியும் உப்பும் போட்டிருந்தாலும் சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் எர்த் பெயருக்குத்தான். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், ஜெனரேட்டர் வாங்கும் முன் அதை வாங்கிப் போடுங்கள்.

அப்புறம் இந்த டூ-பின் கன்வெர்ட்டர், மூன்று பின் பிளக்கை எர்த் இல்லாமல் இரண்டு துளையில் சொருக வைப்பது. எலக்ட்ரிக்கல் கடையில் நின்று, "மூணு பின் எங்க வீட்டு பாயிண்ட்ல போகாது அண்ணாச்சி" என்று சொல்லிப் பாருங்கள். "அதுக்கென்ன தம்பி, இத மாட்டிக்கிடுங்க, எல்லாத்துலயும் போவும்லா" என்று அடுத்த நொடி அதை எடுத்து நீட்டுவார். அயர்ன் பாக்ஸுக்கும் கூடாது, ஜெனரேட்டருக்குக் கூடவே கூடாது. எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் அறிவாளிகளும் இருக்கிறார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2. பெட்டி

பிளக் சுவரில் இல்லாதபோது செய்யும் வேலை இது. பழைய கருவி வாங்கியிருந்தால் பின்பக்கம் 115/230 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு 115-ல் நிற்கலாம். அப்படியே சொருகினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். 230-க்கு மாற்றினால் ஃபியூஸையும் அதற்குரியதாக மாற்ற வேண்டும். எந்த அளவு என்று பின்பக்கமே அச்சிட்டிருக்கும். 115-க்குப் போடும் ஃபியூஸ் 230-க்குப் போடுவதைப் போல சுமார் இரண்டு மடங்கு. ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால், முன்னால் வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொண்டு பெட்டி முழுவதையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் பின்பக்கத்து ஸ்க்ரூவுக்கும் இடையே அளந்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். அடுத்து எர்த் பின்னுக்கும் பி.என்.சி. வெளி உலோகத்துக்கும். இதுவும் ஒரு ஓமுக்குள் வந்தால் உங்கள் கறுப்பு கிளிப் எர்த்தில்தான் இருக்கிறது. ஸ்க்ரூவுக்குத் தொடர்பு இருந்து பி.என்.சி.க்கு இல்லையென்றால் அது ஃப்ளோட்டிங் அவுட்புட் (எர்த்தோடு சேராத அவுட்புட்) உள்ள மாடலாக இருக்கலாம், மேனுவலைப் பாருங்கள். ஸ்க்ரூவுக்கே தொடர்பு இல்லையென்றால் வேறொரு பவர் கார்டு போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லையென்றால் சரிசெய்யும்வரை சொருகக் கூடாது. கடைசியாக எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்னுக்கும் அளவெடுங்கள். மெகா ஓமில், அல்லது ஓப்பனாக இருக்க வேண்டும்.

இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் டிஜிட்டல் ஜெனரேட்டர்கள் பல இரண்டு பின் அடாப்டரோடு வருகின்றன. அதில் எர்த்தே கிடையாது. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக பி.என்.சி. வெளி உலோகத்துக்கு மெல்லிய கசிவு வரும். மீட்டர் வைத்தால் எர்த்தைப் பொறுத்து 100 வோல்ட் பக்கம் காட்டும். விரல் வைத்தால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஆளுக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் மெல்லிய கேட் முனையைப் போக்க அது போதும். சமாளிக்கும் வழி எளிது: எல்லா கேபிளையும் கரண்டு இல்லாதபோதே மாட்டுங்கள், கறுப்பு கிளிப் முதலில் சர்க்யூட்டின் கிரவுண்டைத் தொடட்டும், சிவப்பு அப்புறம். எர்த் உள்ள சி.ஆர்.ஓ.வோடு சேர்த்துவிட்டால் கசிவு அதன் வழியே இறங்கிவிடும்.

3. கரண்டு கொடுத்து முதல் அளவு

ஜெனரேட்டரையும் சி.ஆர்.ஓ.வையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். ஒன்று இந்த அறை, இன்னொன்று பக்கத்து அறை என்று போட்டால் இரண்டு எர்த்துக்கும் நடுவே 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்து சேரும். அவுட்புட்டில் எதையும் மாட்டாமல் ஆன் செய்து அரைமணி நேரம் விடுங்கள். சூடு நிலைபெற்ற பிறகு எடுக்கும் அளவுக்குத்தான் மதிப்பு.

இப்போது புதியவர்கள் எல்லோரும் முழிக்கும் இடத்துக்கு வருகிறோம். சைன் அலை, 100 ஹெர்ட்ஸ், 10 வோல்ட் பீக்-டு-பீக் வைத்து அவுட்புட்டை ஆன் செய்து மல்டிமீட்டரை ஏ.சி.யில் வையுங்கள். சைன் அலையில் பீக்-டு-பீக்கை 2.83-ஆல் வகுத்தால் ஆர்.எம்.எஸ்., அதாவது ஏ.சி.யில் மீட்டர் காட்டும் அளவு. எனவே 3.54 வோல்ட் வர வேண்டும். பல கருவிகளில் 7.07 வரும். கருவி கெட்டுப்போகவில்லை. ஜெனரேட்டருக்குள் அவுட்புட்டோடு தொடராக 50 ஓம் இருக்கிறது. வெளியேயும் 50 ஓம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் டிஸ்ப்ளே 10 என்று சொல்கிறது. மல்டிமீட்டரோ மெகா ஓம். பாதி உள்ளேயே விழ வேண்டியது விழாமல் முழுசாக வெளியே வந்துவிட்டது.

சோதித்துவிடலாம். இரண்டு 100 ஓம் ரெசிஸ்டரையும் இணையாகச் சேர்த்தால் 50 ஓம். அதை அவுட்புட்டின் குறுக்கே போட்டு அளந்தால் 3.54-க்கு இறங்க வேண்டும். இந்த அளவில் மொத்தம் கால் வாட் வெப்பமாகிறது. அதனால்தான் அரை வாட் ரெசிஸ்டர் கேட்டேன். சரியாகப் பாதிக்கு இறங்கினால் அவுட்புட் பகுதி நல்ல நிலையில் இருக்கிறது. பாதிக்கும் ரொம்பக் கீழே போனால் யாரோ முன்பு அவுட்புட்டுக்குள் வெளி வோல்டேஜ் விட்டு எதையோ எரித்திருக்கிறார்கள் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

மெனுவில் லோட் என்று ஒரு அமைப்பு இருக்கும்; 50 ஓம், ஹை-இசட் (மெகா ஓம் கணக்கில் இருக்கும் லோட்) என்று இரண்டு. நேராக ஐ.சி.க்கோ ஆம்ப்ளிஃபையர் இன்புட்டுக்கோ கொடுப்பதானால் ஹை-இசட்டில் வையுங்கள். மறந்து 50-ல் விட்டு 3.3 வோல்ட் வைத்தால் மைக்ரோகன்ட்ரோலர் வாங்குவது 6.6.

மல்டிமீட்டரால் 100 ஹெர்ட்ஸில் அளக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனாலே குறைத்துக் காட்டத் தொடங்கும். ட்ரூ ஆர்.எம்.எஸ். (எந்த வடிவ அலையையும் சரியாக அளப்பது) இல்லாத மீட்டரில் ஸ்கொயர் அலையை அளந்தால் 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதை வைத்து ஜெனரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

டி.சி. ஆஃப்செட்டை (அலையோடு சேர்ந்து வரும் நிலையான வோல்டேஜ்) பூஜ்யத்தில் வைத்து மீட்டரை டி.சி.க்கு மாற்றிப் பாருங்கள். சில மில்லி வோல்ட்டுக்குள் இருக்கட்டும். பழைய அனலாக் மாடலில் ஆஃப்செட் குமிழை வெளியே இழுத்தால்தான் வேலை செய்யும். தெரியாமல் இழுபட்டிருந்தால் இங்கே பிடிபடும்.

சி.ஆர்.ஓ. இருந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் ஸ்கொயர் அலை, ஒரு கட்டத்துக்கு 0.2 மில்லி செகண்ட். ஒரு முழு அலை ஐந்து கட்டம் வர வேண்டும். அலையின் தலை தட்டையாக இருக்கிறதா பாருங்கள். சரிந்து தெரிந்தால், ஜெனரேட்டரைத் தொடும் முன் சி.ஆர்.ஓ. ஏ.சி. கப்ளிங்கில் (டி.சி.யை வெட்டும் அமைப்பு) நிற்கிறதா, புரோப் காம்பன்சேஷன் (அளக்கும் கேபிளில் உள்ள சிறு ஸ்க்ரூ திருத்தம்) சரியா என்று பாருங்கள்.

4. ரேடியோவை வைத்து ஃப்ரீக்வென்சி பார்ப்பது

எனக்குப் பிடித்த சோதனை இது. ஃப்ரீக்வென்சி கவுண்ட்டர் வேண்டாம். திருநெல்வேலி வானொலியின் மீடியம் வேவ் 1197 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடி 1053. இரண்டும் 9-ன் மடங்கு. நம் நாட்டில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் அமைகின்றன. நிலையத்தின் கேரியர் (பேச்சைச் சுமந்து வரும் அலை) சொன்ன அளவிலிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு மேல் விலகக் கூடாது என்பது சர்வதேச விதி. மேசை ஜெனரேட்டரைச் சரிபார்க்க அது தாராளம்.

உங்கள் ஊரில் எந்த நிலையம் தெளிவாக எடுபடுகிறதோ அதில் ரேடியோவை வையுங்கள். ஜெனரேட்டர் அவுட்புட்டை ஆகக் குறைத்து, அதில் மாட்டிய ஒரு சாண் வயரை மட்டும் ரேடியோ பக்கத்தில் கிடத்துங்கள். மொட்டைமாடி ஏரியலில் மாட்டிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் அலை பரப்புவது சட்டப்படி குற்றம். 1197 நிலையம் என்றால் ஜெனரேட்டரை 1195-ல் வைத்து மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் கீச்சென்று ஒரு விசில் கேட்கும். கிட்டே வர வர விசில் இறங்கி, உறுமலாகி, பிறகு பேச்சுச் சத்தமே அலைபோல் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஆக மெதுவாகும் இடத்தில் இரண்டும் ஒன்று. அப்போது டிஸ்ப்ளே என்ன சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் மாடலில் ஃப்ரீக்வென்சியை நிர்ணயிக்கும் கிரிஸ்டல் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிசகினால்கூட 1197-ல் வித்தியாசம் 60 ஹெர்ட்ஸ்தான் வரும். டிஜிட்டல் மாடல் அதற்குமேல் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் தள்ளியிருந்தால் சர்வீஸ் தேவை.

உங்கள் ஜெனரேட்டர் 1 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறதா? ஸ்கொயர் அலையில் 399 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். ஸ்கொயர் அலைக்குள் மூன்றாம் மடங்கும் இருக்கும். 399-ஐ மூன்றால் பெருக்கினால் 1197.

5. சர்க்யூட்டில் மாட்டும் ஒழுங்கு

கேபிள்களை மாட்டிய பிறகு சர்க்யூட்டுக்கு முதலில் பவர் ஆன், அப்புறம் சிக்னல் ஆன். நிறுத்தும்போது சிக்னலை முதலில் அணையுங்கள். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுங்கள். நடுவில் டி.சி. இருக்கும் இடத்துக்குக் கொடுப்பதானால் தொடரில் ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள்.

எல்.இ.டி. டிரைவர், டி.வி. பவர் போர்டு, மொபைல் சார்ஜர் இவற்றின் மெயின்ஸ் பக்கத்தில் கறுப்பு கிளிப்பை மாட்டவே கூடாது. அங்கே கிரவுண்டு என்று தெரிவது பிரிட்ஜ் டயோடு வழியாக நேரே ஃபேஸோடு சேருவது. 230 வோல்ட்டின் உச்சம் 325. கிளிப் தொட்ட நொடியில் எர்த்தோடு ஷார்ட். அந்த வேலைக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (போர்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வேண்டும், கூட விஷயம் தெரிந்தவரும் வேண்டும். தொடங்கிப் பழகுபவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே சரி.

கோயில் கொடைக்குப் போகும் சவுண்ட் சர்வீஸ் ஆம்ப்ளிஃபையர்கள் பழுது பார்க்க வரும். அவற்றுக்கு ஆக்ஸ் இன்புட்டில் 1 கிலோஹெர்ட்ஸ், 100 மில்லி வோல்ட் போதும். பின்பக்கம் ஹார்ன் வரிசைக்குப் போகும் 100 வோல்ட் லைன் முனைகள் இருக்கும். ஜெனரேட்டர் கேபிள் தவறி அங்கே தொட்டால் அவுட்புட் பகுதி அத்தோடு போச்சு. இன்புட் கேபிளுக்கு மஞ்சள் டேப் சுற்றி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

6. அவுட்புட் வரவில்லை என்றால்

அவுட்புட் பட்டனின் விளக்கு எரிகிறதா, கேபிள் மெயின் முனையில் இருக்கிறதா சிங்க் முனையில் (சி.ஆர்.ஓ.வுக்கு நேரம் காட்டும் துணை அவுட்புட்) இருக்கிறதா, 20 டிபி, 40 டிபி அட்டெனுவேட்டர் (அளவைக் குறைக்கும்) பட்டன் அழுந்தியிருக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். 20 டிபி பத்தில் ஒன்று, 40 டிபி நூற்றில் ஒன்று. பிறகு கேபிளைக் கழற்றி இரண்டு முனைக்கும் கன்டினியூட்டி. உவரி, இடிந்தகரை போல கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பாதி நேரம் பி.என்.சி.யில் பூத்த உப்புப் பச்சைதான் காரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருகினால் சரியாகும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.