கார் கதவை எந்தக் கையால திறக்கிறீங்க?

ரோட்டோரமா காரை நிறுத்திட்டு இறங்கும்போது கதவுக்கு பக்கத்துல இருக்கிற கையால திறக்காதீங்க, தள்ளி இருக்கிற கையை குறுக்க கொண்டு வந்து திறங்க, உடம்பு தானா திரும்பி சைடு கண்ணாடியும் பின்னாடி ரோடும் கண்ணுல பட்டுடும், சைக்கிள் வந்தா அப்பவே தெரிஞ்சிடும். இதுக்கு டச்சு ரீச்னு பேரு, 2022ல பிரிட்டனோட ரோடு விதி புத்தகமான ஹைவே கோட்லயே சேர்த்துட்டாங்க. பின் சீட்டு பசங்களுக்கும் சொல்லிக் கொடுங்க, பாதி நேரம் அவங்கதான் பட்டுனு திறக்கிறது!

சைக்கிள்ல போறவங்க நிக்கிற காரை ஒட்டிப் போகாம 1 மீட்டராவது தள்ளிப் போங்க, உள்ள ஆள் தலை தெரிஞ்சா கதவு திறக்கப் போகுதுன்னே வெச்சுக்குங்க. பின்னாடி வர்ற வண்டிக்காரங்க "நடு ரோட்ல ஓட்டுறான்"னு ஹார்ன் அடிக்காதீங்க, அந்தக் கதவுக்கு பயந்துதான் அவங்க தள்ளி வர்றாங்க, முந்தணும்னா 1.5 மீட்டர் இடம் விட்டு முந்துங்க.