எஃப்8-ஐ அழுத்தினால் டீபக்கர் ஏன் தாவுகிறது?

ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், வரிவரியாக ஓட்டிப் பிழை தேடும் டீபக்கரைக் கொண்டு 42-ஆம் வரியில் செயலியை நிறுத்தியிருக்கிறீர்கள். ஒரு வரி முன்னே நகர்த்தும் எஃப்8-ஐ அழுத்தினால் 43-க்குப் போக வேண்டும். அதுவோ 47-ஆம் வரியில் இருக்கும் கமென்ட்டின் (படிப்பவருக்கான வெறும் குறிப்பு) மேல் போய் நிற்கிறது. கமென்ட் எங்காவது இயங்குமா?

இயங்காது. பில்டு செய்யும்போது, அதாவது எழுதியதைச் செயலியாக மாற்றும்போது, ஒவ்வொரு கட்டளையும் எந்த வரியிலிருந்து வந்தது என்ற எண்ணும் செயலிக்குள் பதிவாகிறது. டீபக்கர் அந்த எண்ணை எடுத்து, உங்கள் திரையில் இருக்கும் கோப்பில் அதே வரிக்கு வண்ணம் பூசுகிறது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

ஆகவே முதலில், போனில் ஓடுவதும் திரையில் தெரிவதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஃபங்ஷனின் தொடக்கத்தில் 'கத்தரிக்காய்' என்று லாக் எழுதும் வரி ஒன்றைச் சேர்த்து மறுபடி டீபக் செய்யுங்கள். செயலி எழுதும் லாக் வரிகள் தெரியும் லாக்கேட் பலகத்தில் கத்தரிக்காய் வரவில்லையா? ஓடுவது பழைய செயலி. அதை நிறுத்தி, போனிலிருந்து நீக்கி, பில்டு மெனுவில் 'கிளீன் ப்ராஜெக்ட்' கொடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். கோப்பின் தலையில் ஐந்து இம்போர்ட் வரிகளைச் சேர்த்துவிட்டு, பில்டு செய்யாமலே எஃப்8-ஐத் தட்டித் தட்டி ஒரு மதியத்தையே தொலைத்தவன் நான்.

தாவல் எப்போதும் ஒரே அளவு தள்ளியிருந்தால் பெரும்பாலும் இதுதான் கோளாறு. முன்னும் பின்னுமாகக் குதித்தாலோ, மாறிகளின் மதிப்பு தெரியாமல் போனாலோ, ஆப்டிமைசேஷனை, அதாவது வேகத்துக்காகக் கட்டளைகளை மாற்றியமைப்பதை, சந்தேகியுங்கள். வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில், ஆர்8 என்ற சுருக்கும் கருவி சிறிய ஃபங்ஷன்களை அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும். 'பில்டு வேரியன்ட்ஸ்' பலகத்தில் டீபக் தேர்வாகியிருக்கிறதா, பில்டு அமைப்புகள் இருக்கும் கிரேடில் கோப்பில் டீபக்குக்கு மினிஃபை (இந்தச் சுருக்கல்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன் செயலி எழுதும் எக்ஸ்கோடில் என்றால் ஸ்கீமின் (ஓட்டும் அமைப்புகளின் தொகுப்பு) 'ரன்' பகுதியில் டீபக் இருக்க வேண்டும். ஆப்டிமைசேஷன் லெவல் 'நன்' ஆக இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டின் சொந்த நிரலுக்குள் நுழைந்தபின் மட்டும் வரி பிசகினால், போனின் ஏபிஐ எண்ணுக்கு (ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்) உரிய சோர்ஸை, அதாவது மூல நிரலை, எஸ்டிகே மேனேஜரில் இறக்குங்கள். தயாரிப்பாளர்கள் மாற்றியமைத்த போன்களில் அப்போதும் பிசகலாம். கணினிக்குள் ஓடும் போலி போனான எமுலேட்டரில் சோதிப்பது நிம்மதி.

கோட்லின் மொழியின் கோரூட்டீன் (இடையில் நின்று பிறகு தொடரக்கூடிய வேலை) கதை வேறு. அப்படி இடையில் நிற்கக்கூடிய சஸ்பெண்ட் ஃபங்ஷன் மேல் எஃப்8 கொடுத்தால், அது திரும்பும்போது வேறு த்ரெட்டில் (செயலிக்குள் தனியாக ஓடும் வேலைத் தடம்) இருக்கலாம். டீபக்கர் வழி தவறிவிடலாம். அடுத்த வரியில் ஒரு பிரேக்பாயின்ட் (செயலி நிற்க வேண்டிய இடத்தின் குறி) வைத்து, செயலியைத் தொடர்ந்து ஓட்டும் எஃப்9-ஐ அழுத்துங்கள். நின்றதும், ஃப்ரேம்ஸ் பலகத்தில் த்ரெட்டின் பெயரைப் பாருங்கள்.