ஊருக்குப் போகுமுன் ஊசி: எதை யாரிடம் கேட்பது?

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு ரிக்கெற் எடுத்த அன்றே வீட்டில் பட்டியல் தொடங்கிவிடும். பெரியம்மாவுக்குச் சொக்லேற், மச்சாளின் பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அம்மம்மாவுக்கு முழங்கால் வலிக்குப் பூசும் மருந்து. தடுப்பூசி அந்தப் பட்டியலில் வருவதில்லை. வந்தாலும் பறப்பதற்கு நாலு நாள் இருக்கும்போதுதான் யாராவது நினைவுபடுத்துவார்கள். அப்போதும், "அது எங்கட ஊர்தானே, நாங்கள் பிறந்து வளர்ந்த இடம், எங்களுக்கு என்ன வரும்?" என்று ஒருவர் சொல்ல, பேச்சு முடிந்துவிடும்.

உண்மையில் விடுதியில் ஒரு கிழமை தங்கிவிட்டுப் போகும் சுற்றுலாப் பயணியைவிட எங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நாங்கள் ஐந்தாறு கிழமை நிற்கிறோம். பத்து வீட்டில் சாப்பிடுகிறோம், கிணற்றடியில் குளிக்கிறோம், பிள்ளைகளை நாய்க்குட்டியோடு விளையாட விடுகிறோம். பிரித்தானியாவில் பதிவாகும் நெருப்புக் காய்ச்சலில், அதாவது டைபாய்டில், பெரும்பகுதி சுற்றுலா போனவர்களுக்கு வந்ததல்ல. சொந்தக்காரரைப் பார்க்கப் போய் வந்தவர்களுக்கு வந்தது. சின்ன வயதில் ஒருமுறை வந்த நெருப்புக் காய்ச்சல் வாழ்நாள் முழுக்கக் காக்காது. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ பிறந்த பிள்ளைக்கு அந்தக் கொஞ்சக் காப்பும் கிடையாது.

சரி, யாரைக் கேட்பது? ஊரில் இருப்பவர்களைக் கேட்டால், "இங்க ஒருத்தரும் போடுறதில்லை, பயப்படாமல் வாங்கோ" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அவர்களுடைய உடம்பு வேறு, எங்கள் பிள்ளைகளின் உடம்பு வேறு. என் அனுபவத்தில் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறைகிறது. எந்த ஊசி போட வேண்டும் என்பதை நாங்கள் வாழும் நாட்டில் கேட்க வேண்டும். இப்போது ஊரில் என்ன நோய் ஓடுகிறது என்பதை இலங்கையின் பதிவுகளில் பார்க்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ஒவ்வொரு நாட்டிலும் பொது இடம் ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் 'ட்ரவல் ஹெல்த் ப்ரோ', ஸ்கொட்லாந்தில் 'ஃபிட் ஃபோர் ட்ரவல்', சுவிஸில் 'ஹெல்தி ட்ரவல்' என்ற தளங்கள். கனடாவில் மத்திய அரசின் பயண ஆலோசனைப் பக்கத்தில் இலங்கையைத் தேர்ந்தெடுத்தால் உடல்நலப் பகுதி தனியாக வரும். அதை வாசித்துவிட்டுக் குடும்ப வைத்தியரிடமோ பயண மருத்துவக் கிளினிக்கிடமோ போனால், கேட்க வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன் போவது நல்லது. பிந்திவிட்டால் 'இனி என்ன பயன்' என்று விட்டுவிடாதீர்கள். பல ஊசிகள் இரண்டு கிழமையிலேயே வேலை செய்யத் தொடங்கும். பிரித்தானியாவில் நெருப்புக் காய்ச்சலுக்கும் செங்கண்மாரி ஏ வகைக்கும் (ஹெப்படைற்றிஸ் ஏ) ஊசி அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மூலம் இலவசம், விசர்நாய்க்கடி ஊசிக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். ஒன்ராறியோவில் பயண ஊசிகளை மாகாணக் காப்புறுதி ஏற்காது. வேலையிடக் காப்புறுதி ஏற்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பலர் அறியாத நல்ல இடம் ஒன்று உண்டு. இலங்கைச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு கிழமைதோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை என்று பகுதி பகுதியாக டெங்கு, நெருப்புக் காய்ச்சல், எலிக்காய்ச்சல், செங்கண்மாரி எண்ணிக்கை அட்டவணையாக இருக்கும். ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு எண்: ஒன்று அந்தக் கிழமைக்குரியது, மற்றது வருடத் தொடக்கத்திலிருந்து சேர்ந்தது. மாமாவின் தொலைபேசிப் பேச்சில் "இங்க ஊரெல்லாம் காய்ச்சல்" என்று கேள்விப்பட்டால் அதைத் திறந்து பாருங்கள். எந்தக் காய்ச்சல், எவ்வளவு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பழைய தகவலும் பிழையான தகவலைப் போலவே ஏமாற்றும். வன்னியில் மலேரியாவால் நடுங்கியதை மறக்காத பெரியவர்கள் இன்னும் குளிசை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது, இலங்கைக்கு மட்டும் போகிறவருக்கு அந்தக் குளிசை தேவையில்லை. அங்கிருந்து இந்தியாவுக்கும் போவதாக இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் வரும் செய்தியை நாங்கள் அனுப்பியவரை வைத்து நம்புகிறோம். "அத்தான் படித்தவர், சும்மா அனுப்பமாட்டார்." அத்தான் எழுதியது அல்ல, அவருக்கும் யாரோ அனுப்பியது. சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு (மம்ப்ஸ்), ரூபெல்லா மூன்றுக்கும் போடும் ஊசியால் ஓட்டிசம் வரும் என்ற கதை இன்னும் சுற்றுகிறது. அதன் வேர் 1998இல் 'லான்செற்' மருத்துவ இதழில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரை. அவர் பார்த்தது வெறும் 12 பிள்ளைகளை. 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே வருடம் அவருடைய மருத்துவப் பதிவும் பறிக்கப்பட்டது. 2019இல் டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வில் அப்படி ஒரு தொடர்பும் காணப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சீ.டி.சி.யின் தளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றுதான் நானும் பலருக்குச் சொல்லி வந்தேன். 2025 நவம்பரில் அந்தத் தளத்தின் ஓட்டிசம் பற்றிய பக்கம், மேலே சொன்னது போன்ற ஆய்வுகளுக்கு எதிராக, அரசியல் தலைமையின் விருப்பப்படி மாற்றி எழுதப்பட்டது. எனவே எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஒரே இடத்தோடு நிற்காதீர்கள். வேறொரு நாட்டின் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தளத்தை நடத்துவது யார், கடைசியாக எப்போது திருத்தினார்கள், பயமுறுத்திவிட்டுக் கீழே ஏதாவது விற்கிறார்களா என்று பார்த்தாலே பாதிப் பொய் வடிகட்டுப்பட்டுவிடும். தரம் பார்த்துச் சேர்க்கப்பட்ட தடுப்பூசித் தளங்களை உலக சுகாதார நிறுவனம் 'வக்சீன் சேஃப்டி நெற்' என்ற பெயரில் ஒரு வலையமைப்பாக வைத்திருக்கிறது. அதுவும் நல்ல தொடக்கம்.

இனி நோய்களுக்கு வருவோம். இலங்கையில் நெருப்புக் காய்ச்சல் அதிகம் பதிவாகி வந்த மாவட்டங்களில் யாழ்ப்பாணம் முக்கியமானது. சுண்ணாம்புக் கல் நிலம், வீட்டுக்கு வீடு கிணறு, பக்கத்திலேயே மலசலகூடக் குழி. ஊசி முழுக் காப்பு தராது, அதனால் போட்டாலும் கொதித்தாறிய நீர்தான் குடிக்க வேண்டும். செங்கண்மாரி ஏ ஊசி அதைவிட உறுதியானது. ஆறு மாதம் கழித்து இரண்டாவதையும் போட்டால் பல வருடம் நிற்கும்.

சின்னமுத்து ஊரில் மட்டும் இருக்கும் நோய் என்று நினைக்க வேண்டாம். இலங்கை அதை ஒழித்துவிட்டதாக 2019இல் அறிவிக்கப்பட்டது, 2023இல் மறுபடி பரவியது. கனடாவோ 2025 நவம்பரில் தன் ஒழிப்பு நிலையை இழந்தது. நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடும். ஒன்ராறியோவில் முதல் ஊசி 12 மாதத்தில். கைக்குழந்தையோடு போகிறீர்கள் என்றால், 6 மாதத்துக்குப் பிறகு முற்கூட்டியே ஒன்று போடலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். அது கூடுதல் ஊசி, வழமையான இரண்டும் பிறகு போட வேண்டும். போர்க்காலத்தில் வளர்ந்து, போட்டதா இல்லையா என்றே தெரியாத பெரியவர்களும் கேட்க வேண்டும். இரண்டாம் தரம் போட்டாலும் தீங்கில்லை.

நான் அதிகம் பயப்படுவது விசர்நாய்க்கடிக்குத்தான். தம்பியின் மகளுக்கு ஏழு வயது, அம்மம்மா வீட்டு முற்றத்தில் குட்டி நாய் குதிக்காலில் பல் பதித்துவிட்டது. சின்னக் கீறல், ஒரு சொட்டு இரத்தம். "வீட்டு நாய்தானே, மஞ்சள் பூசு" என்றார்கள். சின்னம்மா மட்டும் விடவில்லை. குழாயடியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவவைத்து, நேரே அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இந்த ஊசி இலவசம். வைத்தியர் முதலில் கேட்டது, பிள்ளைக்கு முன்பே விசர்நாய்க்கடி ஊசி போட்டிருக்கிறதா என்பது. போட்டிருக்கவில்லை. முன்பே போட்டிருந்தால் கடித்தபின் இரண்டு ஊசியோடு முடியும், காயத்தைச் சுற்றி ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்து தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் ஒரு கிழமை இடைவெளியில் 2 முற்காப்பு ஊசி போதும் என்கிறது, சில நாடுகள் 3 போடுகின்றன. நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வேண்டாம். நாயைக் கட்டிவைத்துப் பார்ப்பதா என்பதை வைத்தியர் முடிவு செய்யட்டும்.

யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் 12 மாதத்தில் போடுகிறார்கள். வயல் சூழ்ந்த கிராமத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால் உங்கள் பிள்ளைக்கும் தேவையா என்று கேளுங்கள். டெங்குவுக்கு ஐரோப்பாவில் 'கியூடெங்கா' என்ற ஊசி உண்டு, பயணிகளில் முன்பு டெங்கு வந்தவர்களுக்கே பெரிதும் சொல்லப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் டெங்கு மாரி மழையோடு ஏறும், மார்கழி, தை மாதங்களில் போகிறவர்கள் பகலிலும் நுளம்பைப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்குப் பயணிகளுக்கான ஊசியே இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. வெள்ளம் நின்ற வயலில் வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

ஊசிப் பதிவு ஒன்ராறியோவின் மஞ்சள் அட்டையோ லண்டனின் சிவப்புப் புத்தகமோ, எதுவாக இருந்தாலும் படம் எடுத்துக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். ஊரில் நீண்ட காலம் தங்கினால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அந்த அட்டையோடு போங்கள். குழந்தையின் அடுத்த ஊசியை எப்போது, எங்கே போடலாம் என்று சொல்வார்கள். கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு ஒன்றில் நின்றுவிட்டு இலங்கைக்கு வருகிறவர்களிடம் அதற்கான ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள், அது ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகே செல்லும்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் எடுங்கள். டெங்குவாக இருந்தால் அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தப்போக்கைக் கூட்டும். இதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கும் பெரியவர்கள் அதை உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். திரும்பி வந்து மூன்று நாலு கிழமைக்குள் காய்ச்சல் என்றால், அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "நான் இலங்கைக்குப் போய் இத்தனையாம் திகதி வந்தேன்."